பறவை எச்ச உரம்: கத்தரிக்குச் சரி, கடலோர மணலுக்கு வேண்டாம்

ஒரு கிலோ பாக்கெட் 380 ரூபாய். அந்த விலையை அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. “பறவைப் பீயை முந்நூத்தி எம்பது ரூவா குடுத்தா வாங்கினே? நம்ம படகு மேல ஆலாவும் காக்காயும் தினம் சும்மாவே போட்டுட்டுப் போகுதுடி, கழுவத்தான் ஆளில்ல.”

வாங்கியது எல்லை தாண்டி ஆந்திராவில், சூலூர்பேட்டையில் ஒரு தோட்டக் கடையில். கடையின் பேரும் பாக்கெட்டின் பேரும் எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போவது ஒரே ஒரு வரியைப் பற்றி, அந்த வரி எல்லா பாக்கெட்டிலும் இருக்கிறது: ‘எல்லாச் செடிகளுக்கும் ஏற்றது.’ தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தார்கள், தமிழில் இல்லை. கடைக்காரரும் அதையே வாயால் சொன்னார்: “அன்னி மொக்கலகீ வேசுகோவச்சு அம்மா.” ஆரம்பாக்கத்தில் இருபது வருடமாகக் குடியிருப்பவளுக்கு இந்த அளவு தெலுங்கு புரியும். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் இதை அப்படியே நம்பியிருக்கக் கூடாது, அது வேறு விஷயம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் பதினாறு தொட்டி வைத்திருக்கிறேன். கத்தரி, தக்காளி, மிளகாய், இரண்டு மல்லிகை. தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, மாதம் ஒரு முறை, வேரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு மண்ணைக் கிளறித் தண்ணீர் விட்டேன். மூன்றாவது வாரமே கத்தரி இலை கரும்பச்சையானது. மல்லியில் புதுத் துளிர் வந்தது, மொட்டு பிறகுதான் வந்தது. பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கு, நூற்றுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 10, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 10, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 2. பறவை எச்ச உரத்துக்கு இது வழக்கமான கணக்குதான், நம்பலாம். ஆட்டுப்புழுக்கையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இதைவிட ரொம்பக் குறைவு. ஆனால் ஆட்டுப்புழுக்கை ஒரு மூட்டையே இந்த விலைக்குள் வந்துவிடும். சாம்பல்சத்து குறைவு என்பதால் தக்காளி காய்க்கும்போது கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் சேர்த்தேன்.

நாற்றம் உண்டு. பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறுவது அமோனியா. பறவைக்கு நம்மைப் போலத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவதுதான் யூரிக் அமிலம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக உடைக்கும், அப்புறம்தான் செடி எடுத்துக்கொள்ளும். தூள் மாவு போலப் பறக்கிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு காற்றில்லாத நேரத்தில் பிரியுங்கள். நான் கட்டவில்லை, இரண்டு நாள் தும்மினேன்.

சரக்கு பெரு நாட்டிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. அந்தக் கரையில் குளிர்ந்த நீரோட்டம் ஓடுவதால் மீன் ஏராளம், மழை கிட்டத்தட்ட கிடையாது. மீன் தின்னும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் சின்சா தீவுகளில் போட்ட எச்சம் கரைய வழியில்லாமல் பல ஆள் உயரத்துக்கு மலையாகக் குவிந்திருந்தது. 1840களிலிருந்து கப்பல் கப்பலாக வெட்டி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். 1864இல் அந்தத் தீவுகளை ஸ்பெயின் பிடித்துக்கொண்டதில் சண்டையே மூண்டது. இந்த உரத்துக்கு வழங்குகிற குவானோ என்கிற பேரே அந்த மலைநாட்டுக் கெச்சுவா மொழியிலிருந்து வந்ததுதான். இதை அம்மாவிடம் சொன்னேன். “சண்டை போட்டு மிச்சம் இருந்ததை உன் தலையில கட்டிட்டானா?” என்றாள்.

இனி மணல்மேட்டுக்கு வருகிறேன்.

அம்மா வீடு பழவேற்காட்டுக்குக் கிழக்கே, பாலம் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில் ஒரு குப்பத்தில். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரமாக ஆந்திரா பக்கம் போனபோது அலை அந்த மேட்டில் ஒரு பக்கத்தைக் கடித்துக்கொண்டு போனது. மறு வருடம் தம்பியும் நானும் அந்த இடத்தில் அடப்பங்கொடி வெட்டி நட்டோம், நடுவில் ராவணன் மீசைப் புல். அடப்பங்கொடி என்பது ஆட்டுக்குளம்பு மாதிரி இலையும் ஊதாப் பூவும் கொண்ட அடம்புதான், கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். ராவணன் மீசையை மணல் மூடினால் அது சாகாது, மூடின மணலுக்கு மேலே முளைத்து வரும். மணல்மேட்டைக் கட்டுவது இந்த இரண்டும்தான்.

கையில் பாக்கெட் இருந்தது. ‘எல்லாச் செடிகளுக்கும்’ என்று போட்டிருந்தது. பருவமழைக்கு முன்னால் மேட்டின் வடக்குப் பாதியில் கால் கிலோ தூவினேன். தெற்குப் பாதியில் எதுவும் போடவில்லை. பாடம் நடத்துகிறவள் புத்தி, ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று. அம்மா திண்ணையில் வலை பின்னிக்கொண்டே பார்த்தாள். “மணலுக்கு எதுக்குடி சோறு?”

கார்த்திகையில் போனபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. வடக்குப் பக்கம் அடம்பு இலை உள்ளங்கை அகலம். தெற்கில் வழக்கமான சிறுசு, பாதி மஞ்சள். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஓரிடத்தில் மட்டும் தூள் கட்டியாக விழுந்து, அந்தக் கொடி அடியோடு கருகியிருந்தது. அதைப் படம் எடுக்கவில்லை.

தையில் போனபோது வடக்குப் பக்கம் முள்ளுக்கீரை இடுப்பளவு. கூடவே நாயுருவி, நெருஞ்சி, இன்னும் பேர் தெரியாத புல். அடம்பு அதற்கு அடியில் வெளிறிப்போய்க் கிடந்தது. உப்பையும் வெயிலையும் மணல் மூடுவதையும் தாங்குகிற கொடிக்கு நிழல் ஆகாது. கீரை வாசனைக்கு ஊர் ஆடுகள் வேறு மேலே ஏறி மிதித்திருந்தன. சித்திரையில் முள்ளுக்கீரை காய்ந்து தும்பாகப் பறந்துவிட்டது. ஒரு வருடச் செடி, அவ்வளவுதான் அதன் ஆயுசு. அடியில் மொட்டை மணல். தென்காற்று அதை அள்ளி அம்மா வீட்டு வாசலில் கொட்டியது. தெற்குப் பாதி அப்போதும் மெலிந்துதான் இருந்தது. கொடியை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வடக்கில் இழுத்தபோது முழங்கை நீளம் கையோடு வந்தது.

யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. மணலில் சத்து இல்லாததால் அடம்பு வேரை நீட்டித் தேடுகிறது, நமக்கு வேண்டியதும் அந்த வேர்தான். சத்தை மேலேயே கொட்டினால் அது ஏன் கீழே போகும்? இலையைத்தான் வளர்க்கும். அதைவிடப் பெரிய விஷயம், பசி தாங்காத களைகள் அந்த மணலில் இத்தனை நாள் வராமல் இருந்ததே பசியால்தான். நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

கூட்டமாகக் கூடு வைக்கும் கடற்பறவைகள் இருக்கிற கரைகளில் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. பிரான்ஸில் மார்செய் நகருக்கு எதிரே இருக்கும் தீவுகளில் மஞ்சள்கால் கடற்காகங்கள் பெருகின இடத்தில், அந்த மண்ணுக்கே உரிய செடிகள் குறைந்து, குப்பைமேட்டில் முளைக்கிற வகைகள் பெருகின. எச்சத்தோடு மிதிப்பும் உண்டு, கூட்டுக்காகச் செடியைப் பிடுங்குவதும் உண்டு. அங்கே பறவை செய்ததை இங்கே நான் தேக்கரண்டியால் செய்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963இல் எரிமலை வெடித்துக் கடலுக்கு மேலே வந்தது சர்ட்சே தீவு. வெறும் லாவாவும் மணலும். இருபது வருடம் அங்கே செடி தட்டுத்தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு வைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த இடத்தைச் சுற்றிப் பசும்புல் விரிந்தது. விதையில் பெரும்பகுதியும் பறவைகள் கொண்டுவந்ததுதான். அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் கதை தலைகீழ். தோலுக்காக நரியைக் கொண்டுவந்து விட்டார்கள், நரி பறவையைத் தின்றது, எச்சம் நின்றது, செழித்த புல்வெளி மெலிந்து குத்துச்செடி நிலமானது. ஆக, புல் வேண்டிய இடத்துக்கு எச்சம் நல்லது. எனக்கு வேண்டியது புல் இல்லை, மணலைப் பிடிக்கிற வேர்.

இங்கேயே பக்கத்தில் நேலபட்டு பறவைகள் சரணாலயத்தில் பாருங்கள். கூழைக்கடா கூடு வைக்கும் மரங்கள் ஏரித் தண்ணீரில் நிற்கின்றன. எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரை வயலுக்கு உரம் என்று விவசாயிகள் சொல்வது இந்தக் கணக்கில்தான். கரைந்து ஓடினால் உரம், ஒரே இடத்தில் குவிந்தால் கருகல். மணிச்சத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தழைச்சத்து மழையில் கரைந்தோ காற்றில் ஆவியாகவோ போய்விடும், மணிச்சத்து கிளிஞ்சல் மணலில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். அந்த வடக்குப் பாதியில் அடுத்த மழைக்கும் கீரை வரும் என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் குப்பத்து ஆலா இப்படிக் கூட்டமாக வருவதில்லை. சித்திரை, வைகாசியில் சின்ன ஆலா நாலைந்து ஜோடி வரும். கூடென்று எதுவும் கட்டாது. மொட்டை மணலில் சின்னக் குழி பறித்து இரண்டு, மூன்று முட்டை வைக்கும். மணல் நிறத்திலேயே புள்ளி போட்டிருக்கும், காலுக்கடியில் வந்தால்தான் தெரியும். அவ்வளவு எச்சத்தால் மணல் மாறிவிடாது. அதற்கு வேண்டியதே செடி அடையாத வெட்டவெளி, காக்காயும் நாயும் தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும். இந்த வைகாசியில் ஒரு ஜோடி தெற்குப் பாதிக்குக் கீழே உட்கார்ந்தது. வடக்குப் பக்கம் காய்ந்த தண்டுகள் நின்றதால் வரவில்லையோ, இல்லை தற்செயலோ. ஒரு ஜோடியை வைத்து முடிவு சொன்னால் என் மாணவர்களே சிரிப்பார்கள்.

மாடித் தோட்டத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், குறைத்த ஒன்று விலைக்கு. அந்த ஒரு வரிக்காக மொத்தத்தில் மூன்று. ‘காய்கறி, பூச்செடிகளுக்கு ஏற்றது’ என்று மாற்றிவிட்டால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் மணல்மேட்டில் இதை மட்டுமல்ல, எந்த உரத்தையும் தூவ வேண்டாம். கொடி மெலிந்திருந்தால் மெலிந்தே இருக்கட்டும்.

போன மாதம் கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சண்டைக்குப் போகவில்லை, சொல்லத்தான் போனேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, “இசுககி எவரம்மா எருவு வேஸ்தாரு?” என்றார். மணலுக்கு எவராவது உரம் போடுவார்களா என்று அம்மா கேட்ட அதே கேள்வி. பாக்கெட்டைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மல்லிக்கு இதைவிட நல்ல சரக்கு ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றார்.

மிச்சம் கால் கிலோ ரப்பர் பேண்டு சுற்றி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அம்மா அதைக் கேட்கிறாள், கொல்லையில் முருங்கைக்குப் போடவாம். காசு கொடுப்பதாக மட்டும் சொல்லவில்லை.