மாற்றாத ஹெட் கேஸ்கெட்டுக்கு 17,400 ரூபாய் கொடுத்த கதை

பெங்களூரில் லிக்விட் கூல்ட் பைக் (எஞ்சின் சூட்டைக் கூலன்ட் என்ற திரவம் சுற்றிவந்து தணிக்கும் வண்டி) ஓட்டுகிறவர்கள் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது என்று போய், எஞ்சினைத் திறந்து ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) மாற்றியதாகச் சொன்னவரிடம் 17,400 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். எஞ்சின் திறக்கப்படவே இல்லை. கடைப் பெயரை எழுதவில்லை, விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி 200 சிசி, ஆறு வயசு, 41,000 கிலோமீட்டர். முருகேஷ்பாளையாவில் வீடு, பொம்மனஹள்ளியில் ஆபீஸ். நடுவில் சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக். ரேடியேட்டர் ஃபேன் தினமும் எவ்வளவு நேரம் சுற்றியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

2025 ஜூனில் ஆரம்பித்தது. காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பச்சை நிறத்தில் கூலன்ட் ஈரம். குனிந்து பார்த்தால் வாட்டர் பம்ப் மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து சொட்டுகிறது. தெருமுனையைத் தாண்டி இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். முதலாளி தமிழர். "எந்த ஊர் தம்பி?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். வெளியூரில் இந்த ஒரு கேள்விக்கே நாம் பாதி விழுந்துவிடுகிறோம். பத்து நிமிஷ வேலை, 300 ரூபாய். சொட்டு நின்றது. என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ரெண்டு மாதத்தில் கூலன்ட் பாட்டிலில் ரெண்டு தடவை ஊற்றினேன். தரையில் சொட்டு இல்லை, சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை, ஆனால் பாட்டிலில் மட்டம் மட்டும் இறங்குகிறது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்தேன். உள்ளே பெங்களூர் பை-டூ காபி (ஒன்றை ரெண்டாகப் பிரித்துத் தருவது). அதே நிறம், அதே நுரை. மட்டமும் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஊற்றாத ஆயில் எப்படி ஏறும்? முந்தின வாரம் முட்டளவு மழைத்தண்ணீரில் ஓட்டியிருந்தேன், அதுதான் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னும் ரெண்டு நாள் ஆபீஸுக்கு ஓட்டினேன். இது முழுக்க என் முட்டாள்தனம். பால் நிறம் வந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது. கூலன்டில் இருக்கும் கிளைக்கால் சூட்டில் ஆயிலோடு சேர்ந்து பிசினாகும், அமிலமாகும், பேரிங்கை அரிக்கும், ஃபில்டரை அடைக்கும். நம் பைக்குகளில் பெரும்பாலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் என்பதால் கிளட்ச் பிளேட்டும் அதே கஷாயத்தில்தான் ஊறும்.

மறுபடி அதே கடை. முதலாளி கண்ணாடியை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"ஹெட் கேஸ்கெட் போச்சு தம்பி. எஞ்சினை இறக்கித்தான் ஆகணும்."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவில்லை, ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை, கூலன்ட் எவ்வளவு குறைந்தது என்றுகூடக் கேட்கவில்லை. கேஸ்கெட், ஹெட் ஃபேசிங், ரிங் செட், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 22,000 என்று ஆரம்பித்து, "நம்ம ஆளு" என்பதற்காக 17,400க்கு இறங்கினார். கேஷ் மட்டும்தான். அந்த வருஷம் ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதிலிருந்து பெங்களூரில் பாதிக் கடைகளில் "நோ யுபிஐ" அட்டை தொங்கியதே, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து நாள் கழித்து வண்டி வந்தது. கண்ணாடியில் ஆயில் தேன் மாதிரி பளபளத்தது. பழைய பார்ட்ஸ் வேண்டும் என்று கேட்டிருந்ததால் ஒரு பிளாஸ்டிக் கவரும் கொடுத்தார்கள். உள்ளே கரி படிந்த ஒரு கேஸ்கெட், ரெண்டு ஓரிங். அதை வீட்டில் ஷூ ஸ்டாண்டுக்கு மேலே வைத்துவிட்டு மறந்துபோனேன்.

சரியாக 350 கிலோமீட்டர். திரும்பவும் பை-டூ காபி. போன் பண்ணினால், "மழைத்தண்ணி போயிருக்கும் தம்பி, இன்னொரு ஆயில் மாத்திடலாம், 900 ஆகும்" என்றார்.

இந்தத் தடவை வண்டியைத் தள்ளிக்கொண்டுகூட அங்கே போகவில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் அல்சூரில் ஒரு பெரியவரைச் சொன்னார். போர்டு கிடையாது, ஒரு ஷட்டர், ஒரு ஸ்டூல். டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். கதையை முழுசாகக் கேட்டார். "வண்டி இன்னிக்கு ராத்திரி இங்கேயே நிக்கட்டும் தம்பி. ஸ்டார்ட் பண்ணக் கூடாது. காலையில வாங்க, உங்க கண்ணு முன்னாடி பாத்துடலாம்."

காலையில் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல், ரெண்டு சுற்று மட்டும் தளர்த்தினார். கீழே கண்ணாடி டம்ளர். முதலில் வந்தது ஆயில் இல்லை, பச்சைத் தண்ணீர். கால் டம்ளர் வந்த பிறகுதான் பால் கலந்த ஆயில் எட்டிப் பார்த்தது. கூலன்ட் ஆயிலைவிடக் கனம், ராத்திரி முழுக்க ஆடாமல் நின்றால் கலக்காத மிச்சம் அடியில் தங்கிவிடும். "மழைத்தண்ணி பச்சையா பெய்யுமா தம்பி?" என்றார். அந்த டம்ளரை உடனே ஒரு டப்பாவில் ஊற்றி மூடியும் வைத்தார். கூலன்ட் இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துவிடும்.

அடுத்து அந்த ஆயிலில் ஒரு சொட்டைச் சுடச்சுடக் காய்ந்த கரண்டியில் விட்டார். படபடவென்று வெடித்தது. சுத்தமான ஆயில் புகையும், வெடிக்காது. ஆனால் வெடிப்பது தண்ணீர் இருப்பதைத்தான் காட்டும், எந்தத் தண்ணீர் என்று காட்டாது என்பதையும் அவரே சொன்னார். வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பது இதற்கும் பொருந்தும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி எஞ்சின் சூடேறாமலே நிறுத்துகிற வண்டியில், குளிர்காலத்திலும் மழைக்காலத்திலும் உள்ளே ஆவி படிந்து ஆயில் மூடியிலும் கண்ணாடியிலும் வெள்ளை நுரை கட்டும். அதில் கூலன்ட் குறையாது, ஆயில் மட்டமும் பெரிதாக ஏறாது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போய்விடும். அந்த நுரையைக் காட்டியே எஞ்சின் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் வாயில் கேஜ் வைத்த ஒரு கைப்பம்பை மாட்டினார். மூடியில் 1.1 என்று அச்சிட்டிருந்தது, அதே 1.1 பார் வரை ஏற்றிவிட்டு டீ சொன்னார். டீ முடிவதற்குள் முள் 0.8க்கு வந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டு இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், முனை வழக்கமான பழுப்பு நிறம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கழுவிவிட்ட மாதிரி வெளுத்திருக்குமாம். வண்டியை ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி, திறந்த ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா என்றும் பார்த்தார். வரவில்லை. கேஸ்கெட் மேல் சந்தேகம் அப்போதே பாதிக்கு மேல் போய்விட்டது. (சூடான ரேடியேட்டர் மூடியை நீங்கள் யாரும் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.)

டார்ச் அடித்து வாட்டர் பம்புக்கு அடியில் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். ஜூனில் சொட்டிய அந்த ஓட்டையை எம்‌-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். 300 ரூபாய் ரிப்பேர் அதுதான்.

அந்த ஓட்டை தற்செயலாக இருப்பதில்லை, கம்பெனியே வைத்து அனுப்புவது. பம்ப் தண்டில் ரெண்டு சீல் உண்டு. கூலன்ட் பக்கம் ஒன்று, ஆயில் பக்கம் ஒன்று. நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் இந்த ஓட்டை. கூலன்ட் சீல் தேய்ந்தால் தண்ணீர் ஆயிலுக்குப் போகாமல் இது வழியாகத் தரையில் சொட்டும், நமக்கும் விஷயம் தெரியும். அதை அடைத்தால் அந்த இடைவெளியில் அழுத்தம் சேரும். ஆயில் சீலின் உதடு ஆயிலைத் தடுப்பதற்கு மட்டும் வைத்தது, முதுகுப் பக்கமிருந்து தள்ளினால் தூக்கிக்கொண்டு வழிவிடும். எம்‌-சீலை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு மறுபடி பம்ப் அடித்தார். அந்த ஓட்டையிலிருந்து பச்சையாகச் சொட்ட ஆரம்பித்தது.

"அப்ப ஹெட்டை எதுக்குண்ணே இறக்குனாங்க?" என்று கேட்டேன்.

"எங்க இறக்குனாங்க?" என்று டார்ச்சைச் சைலன்ஸர் பக்கம் திருப்பினார். ஹெட்டை எடுக்க வேண்டுமானால் முதலில் சைலன்ஸரைக் கழற்ற வேண்டும். அந்த நட்டுகளில் ஆறு வருஷத் துரு அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒரு மூலையில்கூட இல்லை. ஹெட்டின் பக்கவாட்டுப் போல்ட்டில் கம்பெனி இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடும் உடையாமல் இருந்தது.

அப்போதுதான் ஷூ ஸ்டாண்டு கவர் ஞாபகம் வந்தது. மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். கேஸ்கெட்டை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல தண்ணி போற ஓட்டை எங்க?"

இல்லை. நடுவில் பிஸ்டனுக்கு ஒரு பெரிய வட்டம், போல்ட்டுக்கு நாலு ஓட்டை, டைமிங் செயினுக்கு ஒரு சந்து. அவ்வளவுதான். லிக்விட் கூல்ட் எஞ்சின் கேஸ்கெட்டில் சிலிண்டரைச் சுற்றிக் கூலன்ட் ஏறுவதற்குத் துளைகள் இருந்தே ஆக வேண்டும். இது யாரோ ஒருவருடைய ஏர் கூல்ட் வண்டியின் கேஸ்கெட்.

சீல் ரெண்டு, கூலன்ட், மூன்று தடவை ஆயில், ஒரு ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து அல்சூரில் ஆனது 3,850. முதல் ரெண்டு ஆயிலும் மலிவான ரகம், கழுவி இறக்குவதற்கு மட்டும். டீசல் ஊற்றிக் கழுவலாமே என்று கேட்டதற்கு, கிளட்ச் பிளேட் உள்ளே இருக்கும்போது அந்த வேலையே வேண்டாம் என்றார். மூன்று மாதம் ஆகிறது, கண்ணாடி தெளிவாக இருக்கிறது. பேரிங்கில் என்ன சேதம் என்பது போகப்போகத்தான் தெரியும்.

பழைய கடைக்குப் போய் கேஸ்கெட்டை மேஜையில் வைத்தேன். "பையன் கவரை மாத்திக் குடுத்துட்டான் தம்பி" என்றார். துருப்பிடித்த நட்டுப் போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். பிறகு 5,000 கொடுத்து, மிச்சம் தீபாவளி கழித்து என்றார். தீபாவளி போய்விட்டது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க ரெண்டு வருஷம் அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. பில் இல்லாததுதான் இடிக்கிறது. ஏடிஎம் சீட்டும், "பதினேழு நானூறு ரெடி பண்ணிக்குங்க தம்பி" என்று அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலும் இருக்கின்றன.

நேற்று முதலாளியே கூப்பிட்டார். மிச்சப் பணத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம். "அந்தப் பழைய கேஸ்கெட்டை மட்டும் வரும்போது கொண்டாந்துடுங்க தம்பி."