கொம்புச்சா, கெஃபிர், நீராகாரம்: வீட்டில் நிலைத்தது எது?

நொதித்த பானங்கள் குடலுக்கு நல்லவை என்ற பேச்சு பரவியதிலிருந்து, சென்னையின் பெரிய கடைகளில் கொம்புச்சா பாட்டில்களும் கெஃபிரும் குளிர்பெட்டியில் இடம்பிடித்துவிட்டன. இரண்டையும் வீட்டிலேயே தயாரித்து, கெஃபிரை ஓராண்டும் கொம்புச்சாவை நான்கு மாதமும் குடித்துப் பார்த்த பிறகு, இப்போது நாங்கள் தினமும் குடிப்பது நீராகாரம். மோர் எப்போதும் வீட்டில் இருப்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

சுவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொம்புச்சா சர்க்கரை கலந்த தேநீரைப் புளிக்கவைத்தது. கெஃபிர் காக்கசஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த பால் பானம். முன்னது பழச்சாறும் வினிகரும் கலந்தாற்போல இருக்கும். பின்னது நன்கு புளித்த தயிரைக் கடைந்தது போல இருக்கும்.

நன்மை என்று பார்த்தால், 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. பத்து வாரங்கள் நொதித்த உணவுகளை நிறைய உட்கொண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. அவர்கள் என்றோ ஒருநாள் ஒரு பாட்டில் குடித்தவர்கள் அல்லர்; அன்றாடம், ஒரு நாளைக்குப் பல வேளை உட்கொண்டவர்கள். ஆகவே எந்தப் பானம் சிறந்தது என்பதைவிட, எந்தப் பானத்தை நம் வீட்டில் இடைவிடாமல் தயாரிக்க முடியும் என்பதே என் கணக்கில் முதன்மையான கேள்வி.

இந்தப் பராமரிப்பில்தான் மற்ற இரண்டும் என்னைச் சோதித்தன. கொம்புச்சாவின் மேல் மிதக்கும் ஸ்கோபி என்ற தடித்த நுண்ணுயிர் ஆடை சில வாரங்கள் கவனிப்பின்றியும் பிழைத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை சேர்த்தேன், அதில் ஒரு பகுதி பானத்திலேயே தங்கிவிடுகிறது. ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டியதால் பழ ஈக்கள் உள்ளே புகுந்து, ஒரு ஜாடி முழுவதையும் கொட்ட நேர்ந்தது. நொதித்தல் நீண்டால் சாராயச் சத்தும் கூடக்கூடும். அதனாலேயே 2010இல் அமெரிக்காவில் சில கடைகள் கொம்புச்சாவை அடுக்குகளிலிருந்து விலக்கிக்கொண்டன.

பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்த் திரளான கெஃபிர் மணிகள் பார்ப்பதற்குக் காலிபிளவரின் சிறு பூக்களைப் போல இருக்கும். தினமும் வடிகட்டிப் புதுப் பாலில் இட வேண்டும். குளிர்ந்த ஊர்களில் ஒரு நாள் எடுக்கும் வேலை, சென்னையின் மே மாதத்தில் காலையில் ஊற்றினால் மாலைக்குள் முடிந்து, மேலே கட்டித் தயிரும் அடியில் தெளிந்த நீருமாகப் பிரிந்துவிடும். திருமணத்துக்காக ஐந்து நாள் ஊருக்குச் சென்று திரும்பியபோது, குளிர்பெட்டியில் வைத்திருந்த மணிகள் பழைய வீரியத்துக்கு வர மூன்று நாளானது.

நீராகாரத்தில் உயிரோடு காப்பாற்ற வேண்டியது எதுவுமில்லை. இரவு உணவுக்குப் பின் மிஞ்சிய புழுங்கல் அரிசிச் சோற்றை மண்சட்டியில் இட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்குமளவு தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், காலையில் சட்டியின் ஓரத்தில் நுண்குமிழிகள் தெரியும். மூடியைத் திறந்ததும் இளம்புளிப்பு மணம் வரும். வடித்த சோறாக இருந்தால் பருக்கை குழையாமல் தண்ணீர் தெளிவாகக் கிடைக்கிறது. குக்கர் சோறு கூழாகிவிடுகிறது. தண்ணீரை இறுத்து, உப்பும் சிறிது மோரும் சேர்த்து, நறுக்கிய சின்ன வெங்காயத்துடன் குடிக்கிறோம். ஊருக்குப் போனால் நிறுத்திவிடலாம். திரும்பிய அன்றிரவே மீண்டும் தொடங்கலாம்.

இதற்குக் குறைகளும் உண்டு. மேற்சொன்ன ஆய்வில் தயிர், கெஃபிர், கொம்புச்சா எல்லாம் இருந்தன. நீராகாரம் இல்லை, எனவே அதன் முடிவை அப்படியே இதன்மேல் ஏற்றிவிடக் கூடாது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கெஃபிரில்தான் அதிகம். பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கும் கெஃபிர் ஒத்துப்போகிறது, ஏனெனில் நொதித்தலில் பாற்சர்க்கரை குறைந்துவிடுகிறது. சமைத்த சோற்றைப் பல மணி நேரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது நல்லதன்று. கோடையில் பன்னிரண்டு மணி நேரம் கடந்து நெடி ஏறினால் நாங்கள் கொட்டிவிடுகிறோம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சோற்றைப் பிசைந்து கரைக்காமல், தெளிந்த தண்ணீரை மட்டும் அளவாக எடுத்துக்கொள்ளலாம்.