பிரெஞ்சு வினைப் பயிற்சி அட்டைகள்: மூன்று வாரத்துக்குப் பின்

'செய்யப் போகிறேன்' என்பது போன்ற அண்மை எதிர்காலத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட இந்த அட்டைக் கட்டை மூன்று வாரமாக விடாமல் புரட்டுகிறேன். 'போ' எனப் பொருள்படும் 'அலே' வினையின் வடிவங்களான வே, வா, வா, அலோன், அலே, வோன் ஆறும் ஆறு நிறங்களில் இருக்கின்றன. நிறத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அடுத்து வரும் வினையின் வடிவம் மாறுவதே இல்லை. 'ழெ வே மான்ழே' அட்டையை எடுத்ததும் நம் 'சாப்பிடப் போகிறேன்' கண்முன் வந்து நின்றது. 'போகப் போகிறேன்' என்பதற்குக்கூட 'ழெ வே அலே' இருக்கிறது! அன்று முழுவதும் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தேன்.

எதிர்மறைப் பகுதிதான் ஏமாற்றம். 'இல்லை' என்பதைக் குறிக்கும் 'ந', 'பா' இரண்டும் 'அலே'யின் வடிவத்தை மட்டுமே இருபுறமும் அணைக்க வேண்டும்: 'ழெ ந வே பா மான்ழே'. ஓர் அட்டையில் 'பா' வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. அதை நம்பி ஒரு வாரம் தவறாகவே சொல்லிப் பழகினேன். கற்பிக்க வரும் பொருளில் இதை மன்னிக்க முடியவில்லை.

'ழெ வே ம லவே' (கழுவிக்கொள்ளப் போகிறேன்), 'தூ வா த லவே' (கழுவிக்கொள்ளப் போகிறாய்) என ஆளுக்கேற்ப நடுச்சொல் மாறும் வினைகளுக்கு இரண்டே அட்டைகள், குறைந்தது இருபது வேண்டும். ஒலிப்பதிவு அருமை, 'நூ', 'அலோன்' சேரும்போது 'நூ ஸாலோன்' என நடுவில் எழும் இணைப்பொலி துல்லியமாகக் கேட்கிறது. பிழையைத் திருத்தினால் தயங்காமல் வாங்கலாம்.