பாக்டீரியல் வஜினோசிஸ்: மாத்திரையா, ஜெல்லா, சும்மா விடலாமா?

வெள்ளைப்படுதல் அதிகமானதும் பலர் முதலில் தேடுவது பூஞ்சைத் தொற்று மருந்தை. பாக்டீரியல் வஜினோசிஸாக இருந்தால் அது துளியும் உதவாது. பூஞ்சைத் தொற்றில் கசிவு திரிந்த தயிர்போலக் கெட்டியாக வரும், அரிப்பு தாங்க முடியாது, நாற்றம் பெரிதாக இருக்காது. வஜினோசிஸில் கசிவு நீர்த்துச் சாம்பல் வெள்ளையாக இருக்கும், அரிப்பு குறைவு, மீன் வாடை அடிக்கும். உடலுறவுக்குப் பிறகு அந்த வாடை கூடும். யோனியில் இயல்பாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்து, கார்ட்னெரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகுவதால் வருவது இது. அப்போது யோனியின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 4.5-ஐத் தாண்டும், பூஞ்சையில் பெரும்பாலும் தாண்டாது. சந்தேகம் இருந்தால் ஊகித்து மருந்து வாங்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றாக இருக்கலாம், அதற்கும் பரிசோதனை தேவை.

சரி, எல்லோருக்கும் மருந்து வேண்டுமா? வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் தற்செயலாகத் தெரியவந்தால் பொதுவாக விட்டுவிடலாம். சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும். வாடையோ கசிவோ தொல்லை தந்தால் மருந்து எடுங்கள். கர்ப்பிணிக்கு அறிகுறி இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. கருக்கலைப்பு, கருப்பை அகற்றுதல் போன்றவற்றுக்கு முன்னால் மருத்துவர் சிகிச்சை தருவதும் உண்டு, பின்னால் வரக்கூடிய தொற்றைத் தடுப்பதற்காக.

மருந்தில் மூன்று வழிகள். மெட்ரோனிடசோல் 500 மி.கி. மாத்திரை நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல் யோனிக்குள் தினம் ஒருமுறை, 5 நாள். 2 சதவீத கிளிண்டமைசின் கிரீம் 7 இரவு. குணமாக்குவதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரை எளிது, ஆனால் குமட்டலும் வாயில் உலோகச் சுவையும் வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், ரத்தக்கசிவு அபாயம் கூடும். வயிறு ஒத்துழைக்காதவர்களுக்கு நான் ஜெல்லையே சொல்வேன். கிரீமில் எண்ணெய் இருப்பதால் லேடெக்ஸ் ஆணுறை பலவீனமாகும், நிறுத்திய பிறகும் 5 நாள் வரை. ஆணுறையை நம்பி இருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். யோனிக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

மனதை வாட்டுவது திரும்ப வருவதுதான். ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுபடி வருகிறது. அப்படியானால் முதல் சிகிச்சை முடிந்தபின் ஜெல்லை வாரம் இருமுறை சில மாதங்கள் தொடர்வது ஒரு வழி. இன்னொன்று ஆண் துணைக்கும் சேர்த்து மருந்து தருவது. இதனால் பயனில்லை என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், துணைக்கு மாத்திரையும் ஆணுறுப்பில் பூசக் கிரீமும் 7 நாள் கொடுத்தபோது, 12 வாரத்தில் திரும்ப வந்தது 35 சதவீதம் பேருக்கு. பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63 சதவீதம். நிலையான துணை இருந்தும் அடிக்கடி வருகிறதென்றால், அடுத்த முறை இருவருமே மருத்துவரிடம் போங்கள்.