கிளிநொச்சி: போய்த் திரும்புவதா, ஓர் இரவு தங்குவதா?

யாழ்ப்பாணம் வருகிற பலருக்கும் இந்தக் குழப்பம்தான்.

செலவு: போய்த் திரும்பினால் பஸ் காசு மட்டும், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் ஒரு வழிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். தங்கினால் அறை வாடகை, அப்புறம் இரணைமடுக் குளத்துக்கு ஆட்டோ.

வசதி: இரண்டுக்கும் பஸ்தான் சுலபம். ரயில்பாதை 2013இல் திரும்ப வந்தது, ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

காண்பது: பகலில் வந்து போகிறவர்கள் போரின் தடங்களை மட்டும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். தங்கினால், அதுவும் பெரும்போக அறுவடை முடிகிற மாசியில், வீதியோரம் காயும் நெல்லை வெறுங்காலால் அளைந்து விடுகிறவர்களோடு நின்று பேசலாம், பொழுதுசாயக் குளக்கட்டில் நடக்கலாம்.

நேரமே இல்லையென்றால் போய் வாருங்கள். மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் தங்குங்கள். போர் முடிந்த 2009ஐப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களே சொன்னால் இருந்து கேளுங்கள்.