ஏஐ ஏஜென்ட் கையில் டிலீட் டூல்: விளக்கத்தை எப்படி எழுதினால் தரவு தப்பும்?

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் டெல்டா முழுக்கத் தூர்வாரும் வேலை நடக்கும். அந்த வேலைகளை புராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருளில் ஏற்றினால், ஆறு ஒரு புராஜெக்ட், வாய்க்கால் ஒரு டாஸ்க், வாய்க்காலின் ஒவ்வொரு துண்டும் ஒரு சப்டாஸ்க் என்று அமைப்பது வசதி. வேலைக்கு முன் எடுத்த போட்டோவும் அளவும் சப்டாஸ்க்கில்தான் இருக்கும். மண்ணை வாரிய பிறகு அந்த போட்டோவை மறுபடி எடுக்கவே முடியாது. பில்லுக்கு அதுதான் ஆதாரம்.

இப்படிப்பட்ட பட்டியலை ஏஐ ஏஜென்ட்டிடம், அதாவது நாம் சொன்னதை மென்பொருளில் தானே செய்து முடிக்கும் ஏஐயிடம், கொடுக்கும்போது, டிலீட் டூலுக்கான (ஏஜென்ட் அழைத்தால் நீக்கும் வேலையைச் செய்யும் கருவி) விளக்கத்தை நாலு விதமாக எழுதலாம். நாம் திரையில் பார்ப்பதை ஏஜென்ட் பார்ப்பதில்லை. டூலின் விளக்கம், பாராமீட்டர் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய விவரம்) குறிப்பு, பிழைச்செய்தி, இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

முதல் விதம் ஒற்றை வரி: "டாஸ்க்கை நீக்கும். ஐடி தேவை." பொய்யில்லை, ஆனால் போதாது. சப்டாஸ்க்கும் சேர்ந்து போகுமா, திரும்ப எடுக்க முடியுமா என்பது இதில் இல்லை. மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறும். ஆசானாவில் நீக்கிய டாஸ்க்கை 30 நாளுக்குள் மீட்கலாம். ட்ரெல்லோவில் கார்டை (டாஸ்க்குக்கு அங்கே அதுதான் பெயர்) ஆர்க்கைவ் செய்தால், அதாவது அழிக்காமல் ஒதுக்கிவைத்தால், மீட்கலாம், டிலீட் செய்தால் போனது போனதுதான். விளக்கத்தில் சொல்லாவிட்டால் ஏஜென்ட் தானாக ஊகித்துக்கொள்ளும்.

இரண்டாவது விதம் எச்சரிக்கை மழை: "மிக ஆபத்தானது! கவனம்! உறுதியாக இருந்தால் மட்டும்!" பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் எதில் கவனம் என்று அதில் இருப்பதில்லை. பயனர் "தூக்கிடு" என்று சொன்னதும் ஏஜென்ட் தான் 'உறுதியாக' இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். அதே தொனியை எல்லா டூலிலும் எழுதிவிட்டால், தலைப்பை மாற்றக்கூட அனுமதி கேட்டு நிற்கும். பயனர் படிக்காமலே 'சரி' அழுத்தப் பழகிவிடுவார்.

மூன்றாவது விதம், விளைவை எழுதுவது. தலைமதகை அடைத்தால் கடைமடை வரை தண்ணீர் வராமல் போகிற மாதிரி, தாய் டாஸ்க் போனால் அடியில் உள்ளதெல்லாம் போகும். அதை அப்படியே சொல்லிவிட வேண்டும்:

"ஒரு டாஸ்க்கை நிரந்தரமாக நீக்கும். அதன் எல்லா சப்டாஸ்க், கருத்து, இணைத்த போட்டோ, அளவுப் பதிவும் சேர்ந்து நீங்கும். மீட்க வழியில்லை. வேலை முடிந்தது, பட்டியலில் வேண்டாம் என்றால் இதை அழைக்காதே. ஆர்க்கைவ் டூலை அழை. தவறுதலாக இரண்டு முறை பதிவானதை நீக்க மட்டுமே இது. ஒரு அழைப்புக்கு ஒரு ஐடி. பெயரை வைத்து ஐடியை ஊகிக்காதே."

கடைசி வரி ஏன் என்றால், வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று பெயர்கள் ஒட்டி ஒட்டியே வரும். டிலீட் அழைப்பு வேலையை முடித்தும், பதில் வரத் தாமதமாகி இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஏஜென்ட் மறுபடி முயலும், 404 ('அப்படி ஒன்று இல்லை' என்ற பிழை) வரும். காரணம் தெரியாத ஏஜென்ட் பெயரை வைத்துத் தேடி, ஒத்த பெயருள்ள வேறொரு டாஸ்க்கை நீக்கிவிடும். "404 வந்தால் ஏற்கெனவே நீங்கியிருக்கலாம், தேடாதே, பயனரிடம் சொல்" என்று விளக்கத்தில் ஒரு வரி, பிழைச்செய்தியிலும் அதே வரி.

பிழைச்செய்தியே குழி தோண்டுவதும் உண்டு. ஜிரா மென்பொருளின் ஏபிஐ (வேறு நிரல்கள் அதை அழைக்கும் வழி), சப்டாஸ்க் உள்ள டிக்கெட்டை (அங்கே டாஸ்க்) 'டிலீட்சப்டாஸ்க்ஸ்' ட்ரூ, அதாவது 'சப்டாஸ்க்கையும் நீக்கு: ஆம்', என்று கொடுக்காமல் நீக்க விடாது. நல்ல தடுப்பு. ஆனால் நாம் எழுதும் செய்தி "ட்ரூ கொடுத்து முயலவும்" என்று இருந்தால், ஏஜென்ட் அடுத்த நொடியே ட்ரூ கொடுக்கும். "அடியில் 14 சப்டாஸ்க், 52 போட்டோ உள்ளன, பயனரிடம் காட்டு" என்று எழுதினால் அங்கேயே நிற்க வாய்ப்பு அதிகம்.

நான்காவது விதம் இரண்டு டூல்: ஒன்று முன்னோட்டம், இன்னொன்று நீக்கம். முன்னோட்டம் என்னென்ன நீங்கும் என்று காட்டி ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு குறியீடு) தரும், அது இல்லாமல் நீக்கம் ஓடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டோக்கன் ஏஜென்ட் கைக்கே வந்தால், இரண்டையும் அடுத்தடுத்து அதுவே அழைத்துவிடும். மனிதர் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே டோக்கன் பயனர் திரையில் ஒப்புதல் அழுத்திய பிறகே பிறக்க வேண்டும். ஐடியோடும் சப்டாஸ்க் எண்ணிக்கையோடும் அதைக் கட்டிவைத்து, பத்து நிமிடத்தில் காலாவதியாக்க வேண்டும். இடையில் யாராவது புது சப்டாஸ்க் சேர்த்தால் டோக்கன் செல்லாது.

எம்சிபி (ஏஐயையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இணைப்பவர்கள், 'இந்த டூல் தரவை அழிக்கக்கூடும்' என்று சொல்லும் 'டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்' குறியை ட்ரூ என்று வைக்கிறார்கள். வையுங்கள். ஆனால் அது குறிப்பு மட்டும்தான், பூட்டு அல்ல. கிளையன்ட், அதாவது ஏஜென்ட்டை ஓட்டும் செயலி, அதைப் பொருட்படுத்தாமலும் போகலாம்.

என் தேர்வு மூன்றும் நான்கும் சேர்ந்தது. நான்காவதைக் கட்ட ஆளில்லாத சின்ன அணி என்றால், ஏஜென்ட்டின் கணக்கிலிருந்து டிலீட் அனுமதியையே எடுத்துவிட்டு ஆர்க்கைவ் மட்டும் கொடுங்கள். விளக்கத்தை எழுதி முடித்ததும் நகல் புராஜெக்ட்டில் சோதியுங்கள். "வெட்டாறு முடிஞ்ச வேலையெல்லாம் லிஸ்ட்ல இருந்து எடுத்துடு" என்றால் ஆர்க்கைவ் டூல் ஓட வேண்டும். "ரெண்டு தடவை ஏறியிருக்கு, ஒண்ண அழிச்சிடு" என்றால் எந்த ஐடி என்று கேட்டு, போட்டோ உள்ளது எது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் உண்மையான புராஜெக்ட்டோடு இணைக்காதீர்கள்.