மணியோசை, புள்ளிக்கோடு, வகுப்புக் கூட்டம்: நல்வழக்கத்திற்கான மூன்று கிறிஸ்தவ வழிகள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுக்கப்படும் தீர்மானங்களில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது, வரும் ஆண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிப்பது என்பதே. சபைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு எளியது: திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து, இப்படி வாசித்தால் 66 புத்தகங்களின் 1,189 அதிகாரங்களும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் முதல் நான்கு வாரங்களில் ஓடிவிடுகின்றன. ஜனவரி முடியும் வேளையில் லேவியராகமத்தின் பலிமுறைமைகள் எதிர்ப்படுகின்றன. பலருடைய அட்டவணை அங்கேயே நின்றுபோகிறது. ரோமர் 7ஆம் அதிகாரத்தில், விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் எழுதியதற்குப் பிப்ரவரி மாதத்தில் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இதற்குச் சோம்பலும் விசுவாசக் குறைவுமே காரணம் என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. தீர்மானம் எடுத்தவரிடம் ஆர்வம் இருந்தது, நேரமும் ஓரளவு இருந்தது. ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவரிடம் எந்த ஏற்பாடும் இல்லை. கிறிஸ்தவ மரபில் அந்த ஏற்பாட்டை மூவர் மூன்று விதமாகச் செய்துவைத்திருக்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் 6ஆம் நூற்றாண்டு இத்தாலியரான பெனடிக்ட் நேரத்தையும், 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைச் சேர்ந்த இஞ்ஞாசியார் தன்கணக்கையும், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி உடன் விசுவாசிகளையும் ஆதாரமாகக் கொண்டார்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எந்த வழக்கத்துக்கு எது பொருந்தும் என்பது ஓரளவு தெளிவாகிறது.

பெனடிக்டின் துறவற ஒழுங்குநூல் 73 அதிகாரங்கள் கொண்டது. ஒரு நாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன் என்ற 119ஆம் சங்கீதத்தின் வரியைப் பிடித்துக்கொண்டு, பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் துறவிகள் கூடி ஜெபிக்க வேண்டும் என்றும், 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் ஓதி முடிக்க வேண்டும் என்றும் அவர் வகுத்தார். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும், கடினமானதையோ பாரமானதையோ விதிக்கத் தாம் எண்ணவில்லை என்று முகவுரையிலேயே சொல்லிவிடுகிறார். மனம் இருக்கிறதா, இல்லையா என்று இந்த முறை எவரையும் கேட்பதில்லை. வேளை வந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

தவறுகிறவரை அவர் நடத்தும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இரவு ஜெபத்தின் தொடக்கச் சங்கீதத்தை மிக மெதுவாக ஓதும்படி 43ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தூக்கக் கலக்கத்தில் பிந்தி வருகிறவர் அது முடிவதற்குள் வந்து சேர்ந்துவிடட்டும் என்பதற்காகவே இந்த நிதானம். அதற்கும் பிந்தினால் அவர் கடைசி இடத்தில், எல்லாரும் காண நிற்க வேண்டும். ஆனால் வெளியே நிற்கக் கூடாது. வெளியே விட்டால் அவர் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார், அல்லது வெளியே உட்கார்ந்து வீண்பேச்சில் இறங்குவார் என்று பெனடிக்ட் காரணமும் சொல்கிறார். மனிதரை இவ்வளவு அருகில் பார்த்து எழுதிய சட்டங்கள் அரிது. புதிதாக வருகிறவருக்கு ஓராண்டுப் பயிற்சிக் காலம் உண்டு. அதற்குள் ஒழுங்குநூல் அவருக்கு மூன்று முறை வாசித்துக் காட்டப்படுகிறது. தொடக்கத்தில் பயத்தால் செய்தவற்றையெல்லாம் பின்னர் பிரயாசமின்றி, இயல்பைப் போலவே, வழக்கத்தினால் செய்யத் தொடங்குவார் என்று தாழ்மையைப் பற்றிய 7ஆம் அதிகாரம் முடிகிறது.

தமிழ்நாட்டில் இதன் நேரடி வாரிசைத் தேடினால், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் ஆசிரமத்தைச் சொல்லலாம். அதன் நிறுவனர்களில் ஒருவரும், 1968இல் வந்து பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸும் பெனடிக்டின் சபையைச் சேர்ந்தவர்கள். ஆனால் இந்த முறையின் சாரம், கோயில் மணி காலை, நண்பகல், மாலை என மூன்று முறை ஒலிக்கும்போது சொல்லப்படும் மூவேளை செபத்திலும், சீர்திருத்தச் சபை வீடுகளில் இரவு உணவுக்கு முன் பாய் விரித்து நடத்தப்படும் குடும்ப ஜெபத்திலும் உயிரோடு இருக்கிறது. குடும்ப ஜெபம் நிலைத்திருப்பது எவருடைய தீர்மானத்தாலும் அல்ல. அது சோற்றுக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதால்தான். தனியாக வாழ்பவருக்குத்தான் இந்த வழி கடினம். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதை அணைக்கிற கையும் அவருடையதே.

இஞ்ஞாசியாரின் வழி தனியாள் வழி. 1521இல் பம்பலோனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பிய இந்தப் போர்வீரர், பிற்காலத்தில் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகள் நூலுக்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் கிடைத்தது. அதில் தனிச்சோதனை என்றொரு முறை இருக்கிறது. பல குறைகளை ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கத் தீர்மானிக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின் அதுவரை எத்தனை முறை விழுந்தோம் என்று மணி மணியாக எண்ணிப் பார்த்து, அந்த நாளுக்குரிய முதல் கோட்டில் அத்தனை புள்ளிகள் வைக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கோட்டில் அவ்வாறே செய்ய வேண்டும். பிறகு முதல் கோட்டை இரண்டாம் கோட்டோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். இடையில் விழுந்த அந்தக் கணத்திலேயே மார்பில் கைவைத்து வருந்த வேண்டும். கூட்டத்தின் நடுவிலும் பிறர் கவனிக்காதபடி இதைச் செய்யலாம் என்று அவரே குறிப்பிடுகிறார். பல பதிப்புகளில் அந்தக் கோடுகள் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டு போவதாக அச்சிடப்பட்டிருக்கும். புள்ளிகள் குறையும் என்ற எதிர்பார்ப்பு ஏட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. இன்று கைப்பேசிச் செயலிகள் கட்டம் கட்டமாகக் காட்டும் பழக்கக் கணக்குக்கு இது மூதாதை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டுக் கறுப்புப் புள்ளி வைத்ததும் இதே சாயலில்தான், ஆனால் ஜெபத்தைவிடத் தம் முயற்சியையே அவர் பெரிதும் நம்பினார்.

இந்த வழியின் ஆபத்தை இஞ்ஞாசியாரே அனுபவித்தார். ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்த மாதங்களில், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிடும் அளவுக்கு மனச்சாட்சியின் நச்சரிப்பு அவரை வதைத்தது. அந்த நச்சரிப்பைக் கையாளும் குறிப்புகளையும் நூலில் அவர் சேர்த்திருப்பதும், நாள் முழுவதையும் ஆராயும், ஐந்து படிகள் கொண்ட பொதுச்சோதனையில் பாவத்தைத் தேடுவதற்கு முன்னால் நன்றி செலுத்துவதை முதற்படியாக வைத்திருப்பதும் தற்செயல் அல்ல. தமிழ்க் கத்தோலிக்கர் ஆத்தும சோதனையை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தைய ஆயத்தமாகவே பெரும்பாலும் அறிந்திருப்பதால், அந்த முதற்படி எளிதில் நழுவிப்போகிறது. எஞ்சுவது குற்றப்பட்டியல் மட்டுமே.

வெஸ்லியின் வழி கடன் வசூலில் பிறந்தது. 1742இல் பிரிஸ்டல் நகரத்து ஜெபக்கூடத்தின் கடனை அடைக்க, ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி தரட்டும் என்றும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் அதை வாங்கி வரட்டும் என்றும் முடிவாயிற்று. காசு வாங்கப் போனவர்கள், இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை என்ற செய்திகளோடு திரும்பினார்கள். தாம் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். வகுப்பு என்ற அந்தச் சிறு குழு வாரந்தோறும் கூடத் தொடங்கியது; ஒவ்வொருவருடைய ஆத்துமா எப்படி இருக்கிறது என்று தலைவர் விசாரித்தார்; ஒழுங்காக வருகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. 1743இல் அச்சான பொது விதிகள், தீமை செய்யாதே, நன்மை செய், ஆராதனை, வேதவாசிப்பு, உபவாசம் முதலான தேவநியமங்களைக் கைக்கொள் என்ற மூன்று தலைப்புகளில் அமைந்தன. முதல் தலைப்பின் கீழ்க் குடிவெறியோடு, திருப்பித்தர வழியில்லாமல் கடன் வாங்குவதும் பொன் அணிவதும் வருகின்றன. பொன்னைப் பற்றிய விதியை நம் சபைத் திருமணங்களில் வாசித்துக் காட்டத் துணிகிற ஆயரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மெதடிஸ்டுகள் எனப்படும் வெஸ்லி மரபினரின் ஊழியர்கள் 1814இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்திலும் பணியைத் தொடங்கினார்கள்; 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென்னிந்திய மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். தேவனுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்து வாக்குக் கொடுக்கும், வெஸ்லி 1755இல் நடத்திய உடன்படிக்கை ஆராதனை இன்றும் புத்தாண்டோடு சேர்ந்து நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கையை வாரந்தோறும் விசாரித்துக் காத்த வகுப்புக் கூட்டம் மெதடிஸ்டுகளிடையிலேயே 19ஆம் நூற்றாண்டில் தளர்ந்துவிட்டது. வாக்குறுதியை வாங்கிக்கொண்டோம், கேட்கிற ஆளை விட்டுவிட்டோம்.

மூன்றையும் ஒப்பிட்டால், புதிதாக ஒரு நல்வழக்கத்தை ஊன்ற பெனடிக்டின் வழியே எளிது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரே நிகழ்ச்சியோடு இணைத்து ஒரு செயலைச் செய்தவர்களுக்கு அது தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. மெதுவாக ஓதப்பட்ட அந்தச் சங்கீதத்தின் நியாயமும் இதுவே. ஊன்றிய தீயவழக்கம் ஒன்றைப் பிடுங்குவதற்கு, குறிப்பாகக் கோபம், புறங்கூறுதல், கைப்பேசியைத் துழாவுதல் போன்று நாளில் பலமுறை நேரும் குறைகளுக்கு, இஞ்ஞாசியாரின் புள்ளிக்கோடு கூர்மையானது. ஆனால் ஏற்கெனவே தன்னை நொந்துகொள்ளும் இயல்புடையவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடி, கடன், சூதாட்டம் போன்று மறைவை நாடும் வழக்கங்களுக்கு முதலிரண்டும் போதா. கேட்கிற ஆள் வேண்டும். உறவும் ஊரும் பிணைந்த சிறு சபைகளில் அந்த ஆள் சொந்தக்காரராக இல்லாதிருப்பது நல்லது. இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை அறிக்கையிட்டது புதன்கிழமை பெண்பார்க்கும் வீடுவரை போய்விடும்.

இவையெல்லாம் கிரியைகளால் நீதியைத் தேடுவதாகாதா, அதாவது கிருபையை நம்பாமல் நம் செயல்களால் தேவனுடைய ஏற்பைச் சம்பாதிக்கப் பார்ப்பதாகாதா என்ற ஆட்சேபம் பழையது, புறக்கணிக்கத்தக்கதும் அல்ல. துறவியாக இருந்த நாள்களில், தவறவிட்ட ஜெபவேளைகளைச் சேர்த்துவைத்து, பின்னர் அறையில் அடைந்துகொண்டு உணவும் உறக்கமும் விட்டு மொத்தமாக ஓதித் தீர்த்ததாக மார்ட்டின் லூத்தர் நினைவுகூர்ந்தார். வழக்கம் கடனாக மாறுகிற இடம் அது. வெஸ்லி ஜெபத்தையும் வேதவாசிப்பையும் கிருபையின் சாதனங்கள் என்று அழைத்ததில் இதற்கு ஒரு விடை இருக்கிறது: வாய்க்காலை வெட்டி வைக்கிறவர் தண்ணீரை உண்டாக்குவதில்லை, தண்ணீருக்கு விலை கொடுத்துவிட்டதாகவும் எண்ண வேண்டியதில்லை.

லேவியராகமத்தில் நின்றவர்களும் பெரும்பாலும் லூத்தர் செய்ததையே செய்ய முயல்கிறார்கள்: பாக்கி விழுந்த முப்பது, நாற்பது அதிகாரங்களை ஒரு சனிக்கிழமையில் வாசித்துத் தீர்க்கப் பார்த்து, முடியாமல் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். கணக்கைப் பார்த்தால், மூன்றும் ஐந்துமான அந்தப் பழைய அட்டவணை ஆண்டுக்கு 1,199 அதிகாரங்களுக்கு இடம் தருகிறது. மிச்சம் பத்தே அதிகாரங்கள், அதாவது ஆண்டு முழுவதும் தவறுவதற்கு மூன்று வாரநாள்கள் மட்டுமே. அதைவிட, இரவு உணவுக்கு முந்தைய ஜெபத்தோடு தினம் இரண்டு அதிகாரம் என்று வைத்துக்கொண்டால் 595 நாள்களில் வேதாகமம் முடிந்துவிடும்; இரண்டாண்டுத் தவணை போட்டவருக்கு 135 நாள்கள் பிந்தி வர அனுமதி உண்டு.